முகமூடிக்குப் பின்னால் கிட்டார்: டெட் கேன் டான்ஸின் முதல் ஆல்பம்

இருண்ட மனநிலை கொண்ட ராக் இசையோடு பழைய ஐரோப்பியச் செவ்வியல் இசையைக் கலக்கும் நியோகிளாசிக்கல் டார்க் வேவ் என்ற இசை வகையைத் தேடிப் போகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழுவின் பெயர் கிடைத்துவிடும்: டெட் கேன் டான்ஸ். சரி, ஆரம்பத்திலிருந்தே கேட்போம் என்று 1984இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். செல்லோவைக் காணோம், ட்ராம்போனைக் காணோம், இடைக்கால ஐரோப்பாவை நினைவூட்டும் எதையும் காணோம். நீர்மேல் மிதப்பதுபோல ஒலிக்கும் எலெக்ட்ரிக் கிட்டார், மெலடியைத் தன் தோளில் சுமக்கும் பேஸ், ஓயாத டிரம்ஸ், எல்லாவற்றின் மேலும் ஒரு பனிமூட்டம். பங்க் ராக்குக்குப் பின் கிளம்பிய, போஸ்ட் பங்க் எனப்படும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் குழுக்கள் பலவற்றோடு சேர்த்து அடுக்கினால் வித்தியாசம் தெரியாது என்றுகூடத் தோன்றும்.

பல பட்டியல்கள் இதை அந்த வகையின் தொடக்கப்புள்ளி என்று எழுதிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குத் தாவிவிடுகின்றன. ரசிகர்களிலும் பலர் இதை 'இன்னும் பழுக்காத வேலை' என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனமான தீர்ப்பு. என் கணிப்பு இதுதான்: இந்த ஆல்பத்தில் ப்ரெண்டன் பெர்ரி, லிசா ஜெரார்ட் என்ற இரண்டு பேர் தங்களிடம் இல்லாத வாத்தியங்களுக்காகப் பாட்டு எழுதியிருக்கிறார்கள், கையில் கிடைத்த ராக் வாத்தியங்களை வைத்து அதை வாசித்திருக்கிறார்கள். ஆல்பத்தின் குறையும் வசீகரமும் அந்த இடைவெளியிலிருந்துதான் வருகின்றன.

மெல்போர்னிலிருந்து கிளம்பியவர்கள்

ப்ரெண்டன் பெர்ரி 1959இல் லண்டனின் வைட்சாப்பலில் பிறந்தவர். பிறகு குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போனார். ஆக்லாந்தில் பள்ளியில் படித்தபோது, கூடப் படித்த மாவோரி, பாலினீசிய மாணவர்களிடமிருந்துதான் கிட்டார் பழகினார். முறையான இசைப்பயிற்சி எதுவும் கிடையாது. ஸ்கேவஞ்சர்ஸ் என்ற பங்க் குழுவில் பேஸ் வாசித்தார். அந்தக் குழு மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்து மார்ச்சிங் கேர்ள்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அவர் அதிலிருந்து விலகி 1981இல் டெட் கேன் டான்ஸைத் தொடங்கினார்.

குழுவின் பாடகி லிசா ஜெரார்ட் 1961இல் மெல்போர்னிலேயே பிறந்தவர்; அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர் வளர்ந்த ப்ரான் பகுதியில் கிரேக்கர்கள், துருக்கியர்கள், இத்தாலியர்கள் என்று பல நாட்டுக்காரர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். வீட்டு ஜன்னல்களிலிருந்து வழிந்த மத்தியதரைக்கடல் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 12 வயதிலிருந்தே எந்த மொழியையும் சேராத, தானே உருவாக்கிக்கொண்ட ஒலிகளில் பாடத் தொடங்கியதாகவும் சொல்லியிருக்கிறார். ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்குச் சொல் இல்லாத பாட்டு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் 1981இன் மெல்போர்ன் மதுக்கடை மேடைகளில், பங்க் குழுக்களுக்கு நடுவே, ஒரு பெண் யாங்சினைத் தட்டிக்கொண்டு அர்த்தமில்லாத அசைகளில் பாடினால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாங்சின் என்பது சீனக் கம்பி வாத்தியம். மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிப்பார்கள், நம் சந்தூருக்கு உறவு.

பேஸில் பால் எரிக்சனும் டிரம்ஸில் சைமன் மன்ரோவும் சேர்ந்து நால்வர் குழு அமைந்தது. ஆல்பத்தின் முதல் பாடலான 'த ஃபேட்டல் இம்பேக்ட்'டின் ஆரம்ப வடிவம் மெல்போர்னின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற கேசட் இதழிலேயே வெளிவந்துவிட்டது. 'ஃப்ரன்டியர்' பாடலும் அந்த டெமோ (மாதிரிப் பதிவு) நாட்களைச் சேர்ந்தது. ஆக, இந்த ஆல்பத்தின் சில பாடல்கள் லண்டனில் பதிவாவதற்கு முன்பே வயது ஏறியவை. இதை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். ஏனென்றால், 1984இல் இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் 1984ஆம் வருடத்து டெட் கேன் டான்ஸைக் கேட்கவில்லை. ஓரளவுக்கு 1981-82இன் குழுவைத்தான் கேட்டார்கள்.

1982இல் பெர்ரியும் ஜெரார்டும் எரிக்சனும் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். மன்ரோ ஆஸ்திரேலியாவிலேயே தங்கினார். கொஞ்ச காலத்தில் எரிக்சனும் திரும்பிவிட்டார். மிஞ்சிய இருவரும் கிழக்கு லண்டனின் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில், நகரசபை கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றில் வசித்தார்கள். இன்று கண்ணாடிக் கோபுரங்களும் வங்கிகளுமாக நிற்கிற இடம் அது. அன்றைக்குக் கப்பல் துறைகள் மூடப்பட்டு, வேலை போய், வெறிச்சோடிக் கிடந்தது. பிரிட்டன் முழுவதும் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிய வருடம் அது. இவர்களும் உதவித்தொகையில்தான் காலம் தள்ளினார்கள்.

அதே பகுதியில் வசித்த பீட்டர் அல்ரிக் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தது இந்தக் கதையின் நல்ல திருப்பம். சாதாரண ராக் டிரம்மர் வேலை என்று நினைத்து வந்தவருக்கு, வழக்கமான தாளக்கட்டையே மறக்கச் சொல்லும் இசை காத்திருந்தது. பிற்காலத்தில் அந்த அனுபவங்களைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் பிங்கர் தாள வாத்தியங்களிலும் ஸ்காட் ராட்ஜர் பேஸிலும் சேர்ந்தார்கள். முன்னாள் உறுப்பினர்களான எரிக்சன், மன்ரோ பெயர்களும் ஆல்பத்தின் வாத்தியக்காரர் பட்டியலில் இருக்கின்றன.

கோயில் இல்லாத கோயிலில் பதிவு

ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் நடத்திய 4ஏடி என்ற இசைத்தட்டு நிறுவனம் 1980இல் தொடங்கியது. பாவ்ஹாஸ், பர்த்டே பார்ட்டி, காக்டோ ட்வின்ஸ் போன்ற குழுக்களால் அப்போதே அதற்கென்று ஒரு முகம் உருவாகியிருந்தது. டெமோ டேப் ஐவோவின் கைக்குப் போய், ஒப்பந்தமானது. 1983 நவம்பரில் பிபிசி ரேடியோ 1இல் புதிய குழுக்களை வாசிக்க வைத்த அறிவிப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காக ஒரு பதிவும் செய்தார்கள். 1984 பிப்ரவரியில் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் வெளியானது.

பதிவு நடந்த இடம் பிளாக்விங் ஸ்டூடியோ. லண்டனின் சதர்க் பகுதியில், உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமாகி வழிபாடு நின்றுபோன ஆல் ஹாலோஸ் தேவாலயக் கட்டடத்தில் அது இயங்கியது. பின்னாளில் தேவாலய இசையின் வாடையை பாப் உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று பெயர் வாங்கப்போகிற குழு, தன் முதல் ஆல்பத்தை நிஜமான பழைய தேவாலயத்துக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது. ஆனால் அந்த ஆல்பத்தில்தான் தேவாலய வாடை குறைவு! அந்த ஸ்டூடியோவின் புகழுக்குக் காரணமும் வேறு. டெபெஷ் மோட், யாஸூ போன்ற சிந்தசைசர் குழுக்கள் தங்கள் முதல் ஆல்பங்களை அங்கேதான் செய்தார்கள்.

தயாரிப்பாளர் என்று குழுவே தன் பெயரைப் போட்டுக்கொண்டது. கிடைத்த ஸ்டூடியோ நேரமும் பணமும் சொற்பம். மனதில் இருந்ததை ஸ்டூடியோவில் கொண்டுவர முடியவில்லை என்று பெர்ரி பிற்காலப் பேட்டிகளில் குறைப்பட்டிருக்கிறார். ஹெட்ஃபோனில் கவனமாகக் கேட்டால் அந்தக் குறை எங்கே என்று தெரிந்துவிடும். கிட்டாரும் பேஸும் குரலும் ஒரே நடு அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்காமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ரிவெர்ப் என்ற எதிரொலியைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். ஜெரார்டின் குரல் பல இடங்களில் பாடகியின் இடத்தில் இல்லை. இன்னொரு கிட்டார்போலப் பின்னால் போய் நிற்கிறது. பெர்ரியின் குரல் நல்ல கனமான பாரிடோன், நடுத்தரத் தாழ்ந்த ஆண் குரல். அதுவும் மூட்டத்துக்குள்ளிருந்துதான் கேட்கிறது. எழுதிய வரிகளில் பாதி புரியாது.

ஆனால் ஒன்று. இந்த மூட்டம் இல்லாமல் இந்த ஆல்பம் பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பீல் நிகழ்ச்சிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தாளம் தெளிவாக முன்னே வருகிறது, பாடல்களின் எலும்புக்கூடு தெரிகிறது. நல்ல குழு என்று தோன்றும். மர்மமான குழு என்று தோன்றாது.

பாடல்களுக்குள்

பத்துப் பாடல்கள், எல்லாமே மூன்றிலிருந்து நாலு நிமிடம். இந்தச் சுருக்கமே ராக் உலகத்தின் பழக்கம்தான். 'த ட்ரையல்', 'ஃபார்ச்சூன்', 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' ஆகியவை பெர்ரி பாடுபவை. இவற்றைக் கேட்கும்போது மான்செஸ்டர் பக்கத்து போஸ்ட் பங்க் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. பேஸ் முன்னே நடக்கிறது, கிட்டார் அதன்மேல் கோடு போடுகிறது, பாடகர் தூரத்திலிருந்து அறிவிப்பதுபோலப் பாடுகிறார். மோசமான பாடல்கள் இல்லை. 'ஈஸ்ட் ஆஃப் ஈட'னின் மெட்டு நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும். ஆனால் 1984இல் இப்படிப் பாட இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.

ஜெரார்ட் பாடும் இடங்களில்தான் ஆல்பம் தன் காலத்திலிருந்து நழுவுகிறது. 'ஃப்ரன்டிய'ரை எடுத்துக்கொள்வோம். இதில் ராக் பாட்டின் இலக்கணமே இல்லை. இரண்டாவது, நாலாவது அடியில் ஸ்நேர் என்ற கூர்மையான டிரம் விழும் வழக்கமான கட்டை எடுத்துவிட்டார்கள். தடித்த ஒலியுள்ள டாம் டிரம்கள் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. கிட்டாருக்கு இங்கே பெரிய வேலை இல்லை. குரல் அந்த வட்டத்துக்கு மேலே, அதைப் பொருட்படுத்தாமல், நீண்ட வரிகளாகப் போகிறது. சரணம், பல்லவி என்று எதுவும் பிரிவதில்லை. பாட்டு எங்கேயும் போய்ச் சேர்வதில்லை, நிலைகொண்டு நிற்கிறது. பிறகு பத்து வருடம் இந்தக் குழு செய்ததெல்லாம் இந்த மூன்றேகால் நிமிடத்தின் விரிவுரை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லிப் பார்க்கலாம்.

'ஓஷன்' அதற்கு எதிர்ப்பக்கம். நிதானமான கிட்டார் அர்பெஜியோ (சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் முறை), சொல்லே இல்லாத குரல். ஒரு ஹார்ப்புக்கோ சிறு தந்திக்கருவிக் குழுவுக்கோ எழுதவேண்டிய பகுதியை எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறது. நான் முதலில் சொன்ன இடைவெளி இந்தப் பாட்டில் கண்ணாடிபோலத் தெரியும். 'த்ரெஷோல்ட்' வேகமானது, டிரம்ஸ் துரத்துகிறது, குரல் ஈடுகொடுக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

கடைசிப் பாடல் 'மியூசிகா எடர்னல்'. என் கணக்கில் ஆல்பத்தில் நியோகிளாசிக்கல் என்ற பெயருக்குத் தகுதியானது இது ஒன்றுதான். யாங்சினின் உலோக மினுமினுப்பு, அதன்மேல் ஜெரார்ட், கிட்டத்தட்ட அவ்வளவே. டிரம் கிட் ஒதுங்கிக்கொண்டதும் குரலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. முப்பது நிமிடமாகப் பின்னால் நின்றவர் முன்னால் வந்து நிற்கிறார். ஒரு ராக் குழுவின் ஆல்பம் இப்படி முடிவது 1984இல் துணிச்சலான காரியம்தான். இதைக் கடைசியில் வைத்தது யோசித்துச் செய்ததா, மற்ற பாடல்களோடு ஒட்டாததால் ஓரத்தில் தள்ளியதா என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. இரண்டாவதுதான் சரியாக இருக்கும் என்று படுகிறது.

அட்டைப்படம் செய்த வேலை

அட்டையில் பாப்புவா நியூ கினியின் சடங்கு முகமூடி ஒன்று. பக்கத்தில் குழுவின் பெயர், கிரேக்க எழுத்துகளின் உருவங்களைக் கடன் வாங்கி எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்கம் தெரிந்தவர் அதை உச்சரித்தால் வேறு ஏதோ வரும்! கடைகளில் எத்தனை பேர் பெயரே புரியாமல் திருப்பி வைத்தார்களோ.

குழுவின் பெயரைப் பார்த்ததும் பத்திரிகைகள் பேய், கல்லறை, கோத் (சாவும் இருளும் பேசும் ராக்) என்று முத்திரை குத்திவிட்டன. பெர்ரிக்கு அதில் எரிச்சல். அவர் தந்த விளக்கம் இந்த முகமூடியிலேயே இருக்கிறது: ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மரம் வெட்டப்பட்டுச் சடமாகிறது, செதுக்குபவரின் கையில், சடங்கில், அதற்கு மறுபடியும் உயிர் வருகிறது. சடப்பொருள் உயிர்பெறுவதைச் சொல்லும் பெயரே ஒழிய, சாவைக் கொண்டாடும் பெயர் இல்லை. நல்ல விளக்கம். ஆனால் ரெக்கார்டை வாங்கிக் கேட்டவர்களின் காதில் விழுந்தது கோத் கிட்டார்தான், அப்புறம் அவர்களை எப்படிக் குறை சொல்வது? அட்டை, இசையைவிட இரண்டு அடி முன்னால் போய்விட்டது. உலகின் மறுகோடியின் சடங்கு வடிவங்கள் மேல் இவர்களுக்கு இருந்த நாட்டம் ஆல்பத்தின் தாளத்தில் கொஞ்சம் தெரிகிறது, வாத்தியங்களில் யாங்சினைத் தவிர எங்கேயும் இல்லை. வேறொரு பண்பாட்டின் சடங்குப் பொருளை எடுத்து பாப் அட்டையில் ஒட்டுவது இன்றைக்குக் கேள்விக்கு உள்ளாகும் விஷயம். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மாதத்தில் நடந்தது

1984 ஆகஸ்டில் 'கார்டன் ஆஃப் தி ஆர்கேன் டிலைட்ஸ்' என்ற நாலு பாட்டு ஈபி, அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தட்டு, வந்தது. அட்டையில் பெர்ரியே வரைந்த படம்: தோட்டத்தில் கண் கட்டப்பட்ட ஒரு நிர்வாண உருவம். ஜெரார்டுக்கு இரண்டு பாடல், பெர்ரிக்கு இரண்டு பாடல். அதே வருடம், கிட்டத்தட்ட அதே வாத்தியங்கள். ஆனாலும் ஒலி திறந்துகொண்டது. 'கார்னிவல் ஆஃப் லைட்'டில் தட்டுக்கம்பி ஒலியும் தாளமும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. ஸ்டூடியோவில் எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பெர்ரி வேகமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அதே ஆண்டின் இறுதியில் ஐவோவின் கூட்டுத் திட்டமான திஸ் மார்ட்டல் காயிலின் ஆல்பத்தில் ஜெரார்டின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன. பிறகு 1985இல் 'ஸ்ப்ளீன் அண்ட் ஐடியல்'. அதில் செல்லோக்கள் வந்தன, ட்ராம்போன்கள் வந்தன, ஆர்கெஸ்ட்ராவின் பெரிய டிரம்மான டிம்பனி வந்தது. ஜான் ரிவர்ஸ் என்ற தேர்ந்த தயாரிப்பாளர் பக்கத்தில் இருந்தார். பிரிட்டனின் சுயாதீன நிறுவனங்களுக்கான விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் இரண்டாம் இடம் வரை போனது. 1987இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கிட்டார் குழுவின் தடயமே இல்லை.

பின்னாலிருந்து பார்த்தால் இது இயல்பான வளர்ச்சி போலத் தெரியும். ஆனால் 1984இன் விலைவாசியை யோசிக்க வேண்டும். எந்த ஒலியையும் பதிந்து விசைகளில் வாசிக்க உதவும் ஃபேர்லைட் போன்ற சாம்ப்ளர் வாத்தியம் ஒரு வீட்டு விலை. மலிவான சாம்ப்ளர்கள் அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஆளை வைத்து வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு செல்லோக்காரருக்கும் கூலி கொடுக்க வேண்டும். உதவித்தொகையில் வாழ்கிற இரண்டு பேருக்கு ஆர்கெஸ்ட்ரா என்பது கற்பனையில் மட்டும்தான் சாத்தியம். கிட்டாரும் பேஸும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த அழகியல் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கொஞ்சம் வசதி கிடைத்ததும் எவ்வளவு சீக்கிரம் கிட்டாரைக் கீழே வைத்தார்கள் என்பதே போதுமான சாட்சி.

வாரிசுகள் எதை எடுத்துக்கொண்டார்கள்

டார்க் வேவ் என்ற பெயர் எண்பதுகளில் ஐரோப்பாவில் பரவியது. அந்தப் பெயரோடு நியோகிளாசிக்கல் என்ற அடைமொழி சேர்ந்து நிலைபெற்றது இன்னும் பிறகு, தொண்ணூறுகளின் ஜெர்மானிய, இத்தாலிய, ஸ்வீடிய குழுக்களை வகைப்படுத்த வேண்டி வந்தபோது. ஸ்வீடனின் அர்கானா 1996இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். டிம்பனி, கூட்டுக் குரல், ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும் அமைப்பு, எல்லாம் முழு உருவில் நிற்கின்றன. ஆஸ்திரியாவின் டீ ஃபெர்பான்டன் கிண்டர் ஈவாஸும் அப்படித்தான். இவர்கள் முன்மாதிரியாக எடுத்தது 1985க்குப் பிந்தைய டெட் கேன் டான்ஸை. 1984இன் முதல் ஆல்பத்தை யாரும் நகலெடுக்கவில்லை.

இங்கேதான் எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் மரியாதை கூடுகிறது. அர்கானாவின் முதல் ஆல்பம் குறையில்லாதது, அழகானது. ஆனால் அதில் எந்தத் தேடலும் கேட்காது. இலக்கணம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, அவர்கள் பிழையில்லாமல் எழுதினார்கள். டெட் கேன் டான்ஸின் முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் தனக்கான வாத்தியத்தைத் தேடித் திணறுவது காதில் விழுகிறது. தாளத்தை நம்பிய துணிச்சல் வேறு. பிந்தைய வாரிசுகள் பலரும் டிரம்மை வெறும் அலங்காரமாக, நாலு அடிக்கு ஒருமுறை விழும் இடியாக ஆக்கிவிட்டார்கள். அல்ரிக்கும் பிங்கரும் வாசித்த ஓயாத, தரையோடு ஒட்டிய தாளம் அந்த வகைக்குள் திரும்பி வரவேயில்லை. நஷ்டம்தான்.

எந்தப் பதிப்பைக் கேட்பது

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. சிடி வந்தபோது 4ஏடி நிறுவனம் பத்துப் பாடல்களுக்குப் பின்னால் ஈபியின் நாலு பாடல்களையும் சேர்த்து 14 பாடல்களாக வெளியிட்டது. பழைய வினைல் தட்டான எல்பியில் கேட்காத பெரும்பாலான ரசிகர்களுக்கு 'முதல் ஆல்பம்' என்றால் இந்தப் பதினாலும்தான். அதனால் 'மியூசிகா எடர்னல்' முடிவுப் பாடல் என்ற அந்தஸ்தை இழந்து, நடுவில் எங்கேயோ போய்விட்டது. ஈபியின் தெளிவான ஒலி, முந்தைய பத்துப் பாடல்களை உள்ளதைவிட மங்கலாகக் காட்டுகிறது. ஆல்பம் 'பழுக்காதது' என்ற பெயர் வாங்கியதில் இந்த ஒட்டுப்போட்ட சிடிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2008இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) செய்து, எஸ்ஏசிடி என்ற உயர்தர சிடி வடிவில் வெளியிட்டது. வாத்தியங்களையும் குரலையும் சேர்க்கும் மிக்ஸிங்கில் அடைபட்டதை மாஸ்டரிங்கில் திறக்க முடியாது என்றாலும், டாம் டிரம்களுக்குக் கொஞ்சம் சதை கூடியிருக்கிறது. 2016இல் ஈபியும் பீல் நிகழ்ச்சிப் பதிவுகளும் சேர்ந்து தனி வினைல் தொகுப்பாக வந்தன. ஆகவே இப்போது பிரித்துக் கேட்பது சுலபம். பத்தாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஈபியை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.